டாங்கோ கட்டுரையில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த டாங்கோ கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த இசையையும் ஜோடி நடனத்தையும் பற்றி இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததில்லை. கட்டுரையாளருக்கு நன்றி. ஆனால் இரண்டு இடங்களை என்னால் ஏற்க முடியவில்லை. ‘புவனோஸ் ஐரிஸின் விலைமாதர் விடுதிகளில் பிறந்தது’ என்று பிறப்புக் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டார். நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து ஆடுவதுதான் அசல், மற்றதெல்லாம் கலப்படம் என்று கடைசிப் பக்கத்தில் தீர்ப்பும் எழுதிவிட்டார். இரண்டும் ஒரே வியாதிதான். கலப்பில்லாத ஒன்றைத் தேடப் போய், உள்ளே இருந்தவர்களை வெளியே தள்ளிவிடுவது.

வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் உருகுவேயின் தலைநகர் மொண்டேவீடியோவில் குடியிருந்தவன் நான். டாங்கோ அர்ஜென்டினாக்காரர்களின் சொத்து என்று அந்த ஊரில் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும். லா பிளாட்டா ஆற்றின் ஒரு கரையில் புவனோஸ் ஐரிஸ், மறுகரையில் மொண்டேவீடியோ. டாங்கோ என்றதும் உலகமே முணுமுணுக்கும் ‘லா கும்பர்சிதா’வை எழுதிய ஹெரார்டோ மாத்தோஸ் ரொத்ரிகெஸ் உருகுவேக்காரர், கட்டடக்கலை மாணவராக இருந்தபோது எழுதியது. ரொபெர்த்தோ ஃபிர்ப்போவின் குழு அதை முதன்முதலாக வாசித்ததும் மொண்டேவீடியோவின் ஒரு காபிக் கடையில்தான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அர்ஜென்டினா அணி அந்த இசைக்கு அணிவகுத்து வரவும், உருகுவே அரசே எதிர்ப்புத் தெரிவித்தது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் டாங்கோ ஏறியபோது விண்ணப்பத்தில் இரண்டு நாடுகளின் பெயரும் இருந்தன. கட்டுரையில் உருகுவே என்ற பெயரே இல்லை.

இன்னும் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. மொண்டேவீடியோவின் பாரியோ சூர், பலெர்மோ பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தால் தெருமுனையில் தீ மூட்டி, அதைச் சுற்றி முரசுகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். நம் ஊரில் பறையைக் காய்ச்சுவது போலத் தோலை விறைக்க வைக்கிறார்கள். சிக்கோ, ரெப்பிகே, பியானோ என்று மூன்று வகை முரசு. ஒரு கையில் குச்சி, மறுகை வெறுங்கை. சூடு ஏறியதும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள், தெருவே பின்னால் போகும். இதுதான் கண்டோம்பே. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி வரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் காத்த இசை.

டாங்கோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1778 கணக்கெடுப்பில் புவனோஸ் ஐரிஸ் மக்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும். டாங்கோவுக்கு முந்தைய மிலோங்கா நடனம், கறுப்பினத்தவரின் ஆட்டத்தைக் கேலி செய்ய நகரத்துப் புறச்சேரி இளைஞர்கள் ஆடிக் காட்டியதிலிருந்து வந்தது என்று வெந்துரா லிஞ்ச் 1883லேயே எழுதி வைத்திருக்கிறார். கேலியாகத் தொடங்கியது உடம்பில் ஒட்டிக்கொண்டது. சட்டென்று நிற்பதும் இடுப்பை ஒடிப்பதும் அப்படி வந்தவைதான். 1897இல் ‘எல் எந்த்ரெரியானோ’ எழுதிய ரொசெந்தோ மெண்டிசாபல் கறுப்பினப் பியானோ கலைஞர். கட்டுரையாளர் பாதிப் பக்கம் கொடுத்திருக்கும் கார்டெல் டாங்கோ பாட வந்தது அதற்கு இருபது ஆண்டு கழித்து, 1917இல்.

கியூபாவிலிருந்து வந்த ஹபனேரா தாளமும், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியவர்களின் பாட்டும் இதில் கலந்தன. 1914இல் புவனோஸ் ஐரிஸில் இரண்டு பேரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். டாங்கோவின் துருத்திக் கருவியான பாண்டோனியனோ ஜெர்மன் சரக்கு. கிரெஃபெல்டைச் சேர்ந்த ஹைன்ரிஷ் பாண்டின் பெயர்தான் அதற்கு. 71 பொத்தான்கள், துருத்தியை இழுக்கும்போது ஒரு சுரம், அமுக்கும்போது அதே பொத்தானில் வேறு சுரம். கற்றுக்கொள்பவரைக் கதறவிடும் கருவி. முதலில் புல்லாங்குழல், வயலின், கிட்டார் என்று துள்ளலாக இருந்த டாங்கோ, 1900க்குப் பிறகு இது வந்து உட்கார்ந்ததும்தான் வேகம் தணிந்து கனம் ஏறியது.

விடுதிக் கதைக்கு வருகிறேன். அங்கே வாசிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மெண்டிசாபல் தன் பாட்டை முதலில் வாசித்ததே அப்படிப் பேர் வாங்கிய ஒரு நடன வீட்டில்தான். ஆனால் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கொன்வெந்தியோக்களின் முற்றத்திலும், தெருமுனை ஆர்கன் பெட்டிக்கும் அது ஆடப்பட்டது. விடுதி, விடுதி என்று உரக்கச் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். பாரிஸில் அர்ஜென்டினாவின் தூதராக இருந்த என்ரிகே லாரெட்டாவும் கவிஞர் லெயோபோல்தோ லுகோனெஸும்தான் முன்வரிசையில் நின்றார்கள். தங்கள் நாட்டை ஐரோப்பா இந்த ஆட்டத்தை வைத்து அடையாளம் காண்கிறதே என்ற கூச்சம் அவர்களுக்கு. 1913இல் ஜெர்மன் பேரரசர் தன் அதிகாரிகள் சீருடையில் இதை ஆடக் கூடாது என்றார். பாரிஸ் பேராயர் 1914 தொடக்கத்தில் கண்டித்தார். பாரிஸோ ஆடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே எடுபட்ட பிறகுதான் புவனோஸ் ஐரிஸ் பணக்காரர் வீட்டுக் கூடத்துக்குள் டாங்கோவுக்கு இடம் கிடைத்தது.

அடுத்து, நடனம். அசல் டாங்கோ பற்றிய பத்திக்கு மேலே நீங்கள் போட்டிருக்கும் படம் டாங்கோவே அல்ல என்று மொண்டேவீடியோவில் சிரிப்பார்கள். தலையை வெடுக்கென்று திருப்பி, முதுகை வளைத்து நிற்பது ஆங்கிலேய ஆசிரியர்கள் 1920களிலிருந்து விதி வகுத்த பால்ரூம் போட்டி நடனம். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை, அதுவும் ஒரு கலைதான். கட்டுரையும் படமும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதே என் புகார்.

நெஞ்சு சேர்த்து ஆடுவதே அசல் என்ற வாதத்துக்கு வருவோம். அந்த ஆட்டம், ஒருவர் காலை இன்னொருவர் மிதிக்காமல் நகரவே இடமில்லாத நகர மையத்து நடனக்கூடங்களில் உருவானது. சின்ன அடிகள், சாய்ந்த உடம்பு, நின்ற இடத்திலேயே திரும்பல். வில்லா உர்கீசா போன்ற புறநகர் மன்றங்களில் தரை விசாலம். அங்கே நிமிர்ந்த உடம்போடு நீளமாக நடந்தார்கள். இரண்டுமே 1940களின் ஆட்டம்தான். நெஞ்சு சேர்த்து ஆடுவதற்கு ‘மிலோங்கேரோ பாணி’ என்ற பெயர் பரவியது 1990களில், வகுப்பு நடத்தியவர்கள் வழியாக. எது மூத்தது என்ற சண்டை இப்படித் தரையின் அளவில் போய் முட்டுகிறது.

இசையும் காலை மாற்றும். ஹுவான் டேரியென்சோவின் குழு வெட்டு வெட்டாக அடிக்கும் தாளத்துக்கு நீட்டி நடந்தால் பின்தங்கிப் போவீர்கள். அதே கால்களை இன்னொரு குழுத் தலைவரான புக்லியேசே இழுத்து, நிறுத்தி, அந்தரத்தில் தொங்கவிடுவார். மிலோங்கா என்றே அழைக்கப்படும் ஆட்டக் கூடங்களில் மூன்று நான்கு பாட்டுகளை ஒரு கொத்தாகப் போடுவார்கள். கொத்து மாறும்போது அதே ஜோடிகள் வேறு மாதிரி ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆணோ பெண்ணோ எழுந்து போய்க் கேட்பதில்லை. தூரத்திலிருந்தே கண்ணால் கேட்டு, தலையசைத்து முடிவாகிவிடும். கூட்டம் முழுக்கக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அந்தச் சுற்றை உடைப்பவனை முறைப்பார்களே தவிர, உன் பாணி என்ன என்று விசாரிப்பதில்லை.

புவனோஸ் ஐரிஸில் 2003 முதல் நடக்கும் உலகப் போட்டியே மேடை டாங்கோவையும் கூடத்து டாங்கோவையும் தனித்தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. கூடத்துப் பிரிவில் அணைப்பை விடக் கூடாது, குதிக்கக் கூடாது. மேடைப் பிரிவில் இந்தத் தடைகள் இல்லை. ‘நுவேவோ’ (புதியது) என்ற பெயரில் கட்டுரையாளர் திட்டியிருக்கும் கூட்டத்தின் முன்னோடி குஸ்தாவோ நவெய்ரா, அப்படி ஒரு பாணியே இல்லை, 1980களுக்குப் பிறகு டாங்கோவில் நடந்த எல்லாமே புது டாங்கோதான் என்று 2009இல் எழுதியவர். இசையமைப்பாளர் பியசோலாவையும் இப்படித்தான், ‘இது டாங்கோவா?’ என்று வாழ்நாள் பாதிவரை கேட்டுத் துளைத்தார்கள். இன்று அதே பியசோலாவை உங்கள் கட்டுரையாளர் மரபின் சிகரம் என்கிறார்!

அடுத்த இதழில் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஹொராசியோ சால்கானுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். 1916இல் பிறந்து 2016இல் மறைந்த கறுப்பின வழிவந்த பியானோ மேதை. ‘அ ஃபுவேகோ லெந்தோ’ அவருடையது. படம் போடுவதானால் மேடையை விட்டுவிட்டு, வயதானவர்கள் நிறைந்த ஏதாவது ஒரு மிலோங்காவின் தரைப் படமாகப் போடுங்கள்.

தங்கள் வாசகர்,
ஈரோடு