சூரிய நியூட்ரினோ விளக்கப்படங்களில் பிழை: மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ‘காணாமல் போன சூரிய நியூட்ரினோக்கள்’ சுவர்ப்படத் தொகுப்பின் 3, 5, 6ஆம் படங்கள்

ஐயா / அம்மையீர்,

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்காகத் தங்களிடம் வாங்கிய ஆறு படங்களில் மூன்றை மாணவர்கள் பார்வைக்கு மாட்ட முடியவில்லை. தாளும் அச்சும் நன்றாகவே உள்ளன. செய்திதான் தவறு. சூரியனின் அணுக்கரு வினைகளில் பிறக்கும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள், கணித்ததைவிடக் குறைவாகவே பூமியில் பதிவானது ஏன் என்ற புதிரைப் பற்றியவை இப்படங்கள்.

அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் விஞ்ஞானி ரே டேவிஸ் சூரிய நியூட்ரினோக்களைப் பிடிக்க அமைத்த தொட்டியில் குளோரின் வாயு இருந்ததாக 3ஆம் படம் சொல்கிறது. அதில் இருந்தது உலர்சலவைக்குப் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் திரவம், சுமார் 615 டன். நியூட்ரினோ பட்டால் குளோரின்-37 அணு ஆர்கான்-37 ஆக மாறும். திரவத்துக்குள் ஹீலியத்தைச் செலுத்தி அந்த ஆர்கானை வெளியே கொண்டுவந்து, குளிரூட்டிய கரியில் பிடித்து, பிறகு எண்ணினார்கள். அத்தனை டன்னிலும் சராசரியாக இரண்டு நாளுக்கு ஓர் ஆர்கான் அணுதான் உண்டானது. தொட்டியில் வாயு என்று போட்டுவிட்டால் இந்தப் பிரித்தெடுப்பே புரியாது. சூரியனில் இரண்டு புரோட்டான்கள் இணையும்போது மிகுதியாகப் பிறக்கும் புரோட்டான்-புரோட்டான் நியூட்ரினோக்களை இத்தொட்டி கண்டது என்பதும் தவறு. அவற்றின் உச்ச ஆற்றல் 0.42 மெகா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). குளோரின் வினைக்குக் குறைந்தது 0.814 வேண்டும். 0.233-லேயே வினை தொடங்கும் காலியம் என்ற உலோகத்தைப் பயன்படுத்திய சேஜ், காலெக்ஸ் சோதனைகளுக்குத்தான் அவை எட்டின.

5ஆம் படத்தில் எல்லாச் சோதனைகளிலும் சூரிய மாதிரியின் கணிப்பைவிட மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாக உள்ளது. குளோரினில் கணித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. காலியத்திலும் ஜப்பானின் கமியோகாண்டே நீர்த்தொட்டியிலும் ஏறக்குறைய பாதி. இந்த வேறுபாடே முக்கியமான துப்பு. சூரிய மையத்தின் வெப்பநிலையைக் குறைத்துக் கணக்கிட்டாலும் இந்த மூன்று அளவுகளும் ஒருசேரப் பொருந்தவில்லை. அதனால்தான் சந்தேகம் சூரியனை விட்டு நியூட்ரினோவின் பக்கம் திரும்பியது.

மிகப் பெரிய பிழை 6ஆம் படத்தில். கனடாவின் சட்பரி ஆய்வகத்தில் 1000 டன் கனநீரில் நடந்த இரு வினைகளின் பெயர்களும் இடம் மாறியுள்ளன. கனநீரிலுள்ள கன ஹைட்ரஜனான டியூட்டிரியத்தின் அணுக்கரு இரண்டு புரோட்டான்களாகவும் ஓர் எலக்ட்ரானாகவும் மாறும் வினையை எலக்ட்ரான் நியூட்ரினோ மட்டுமே நிகழ்த்தும். புரோட்டானும் நியூட்ரானுமாகப் பிளக்கும் வினையை மூவகை (எலக்ட்ரான், மியூவான், டாவ்) நியூட்ரினோக்களும் நிகழ்த்தும். 2002இல் வெளியான அளவுகள், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு நொடியில், முதல் வினைப்படி 17.6 லட்சம், இரண்டாவதன்படி 50.9 லட்சம். இரண்டாவது எண் சூரிய மாதிரியின் கணிப்போடு ஒத்துப்போகிறது. சூரியனில் பிறப்பவை எலக்ட்ரான் வகை மட்டுமே. ஆகவே நியூட்ரினோக்கள் தொலையவில்லை, வகை மாறியிருக்கின்றன. தங்கள் படத்தின்படியோ, எலக்ட்ரான் வகை மட்டும் மொத்தத்தைவிட மும்மடங்கு ஆகிறது! ‘வழியில் அழிந்துவிடுகின்றன’ என்ற அடிக்குறிப்பையும் நீக்க வேண்டும்.

இந்த மூன்று படங்களையும் திருத்தி, கட்டணமின்றி அனுப்பக் கோருகிறோம். அச்சுக்கு முன் மெய்ப்புப் படியை எங்களுக்கு அனுப்பினால் சரிபார்த்துத் தருவோம். இயலாதெனில் மூன்று படங்களுக்கான தொகையைத் திருப்பித் தரவும். இதே தொகுப்பை வாங்கிய மற்ற பள்ளிகளுக்கும் பிழைதிருத்தத் தாள் அனுப்ப வேண்டும். விலைப்பட்டியல் நகலும் படங்களின் ஒளிப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர்கள்