மனனக் கட்டுரையை நிறுத்துவோம்: தமிழ்ப் பாட ஆசிரிய ஆலோசகர்களுக்குத் திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வலயக் கல்வி அலுவலகங்களில் தமிழ்ப் பாடத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர்களுக்கு,

வணக்கம்.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளின் கொப்பிகளில் மாதிரிக் கட்டுரைகள் நிரம்பிவிடும். சில கரும்பலகையில் பார்த்தெழுதியவை, சில ரியூசனில் அச்சடித்துக் கொடுத்தவை. பிள்ளை எல்லாவற்றையும் பாடமாக்குகிறது. தலைப்பு கொஞ்சம் விலகி வந்துவிட்டால், பாடமாக்கியதில் பொருந்துவதையும் பொருந்தாததையும் எழுதிக் கொடுத்துவிட்டு எழும்புகிறது. இதில் பிள்ளையின் பிழை எதுவுமில்லை. நாம் கேட்பதும் அதைத்தான், புள்ளி போடுவதும் அதற்குத்தான்.

கட்டுரை என்பது ஒரு விடயத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அடுக்குவதல்ல. பிரான்சில் மொந்தேன் என்ற எழுத்தாளர் 1580இல் தன் முதற் கட்டுரைகளை அச்சிட்டபோது செய்தது, ஒரு கேள்வியை எடுத்து, தன் எண்ணத்தை அதில் உரசிப் பார்த்ததுதான். பாடசாலைக் கட்டுரைக்கும் அதுதான் உயிர். எழுதுகிறவருக்கு ஒரு நிலைப்பாடு வேண்டும். அதற்குக் காரணம் வேண்டும். எதிர்த்துச் சொல்லக்கூடியவரின் குரலும் உள்ளே கேட்க வேண்டும்.

முதல் தடுமாற்றம் தலைப்பிலேயே தொடங்குகிறது. "மட்டக்களப்பு வாவி" என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்ல எதுவும் இருக்காது. வாவியின் நீளம், பாடும் மீன், இறால், கல்லடிப் பாலம் என்று பட்டியல்தான் வரும். "வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதை யார் தீர்மானிக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். முகத்துவாரம் என்பது வாவி கடலோடு சேரும் வாய். அதை அடைத்த மணலை வெட்டினால் தண்ணீர் கடலுக்கு வடியும். மாரி வெள்ளத்தில் வயல் மூழ்கினால் உடனே வெட்டச் சொல்வார் வயற்காரர். தண்ணீர் சட்டென்று இறங்கினால் தன் தொழில் என்னாகும் என்று கேட்பார் மீன் பிடிப்பவர். இரண்டு பேரும் அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே இருக்கக்கூடும். இப்போது அது யோசித்தே ஆக வேண்டும்.

பந்தியை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக நாம் திருத்துவது இப்படி இருக்கும்: "வாவி எமது மாவட்டத்தின் சிறந்த வளமாகக் காணப்படுகின்றது. இது மக்களுக்குப் பல வழிகளிலும் பயனளிக்கின்றது. எனவே இதனைப் பாதுகாப்பது அனைவரதும் கடமையாகும்." எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் "வாவி" என்ற இடத்தில் "காடு" என்று மாற்றினாலும் பந்தி அப்படியே நிற்கும். அதுதான் அதன் நோய். மாற்றி எழுதினால்: "முகத்துவாரம் வெட்டும் நாளை அதிகாரிகள் மட்டும் தீர்மானிப்பது போதாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பயிர் எத்தனை நாள் நீருக்குள் கிடந்தால் அழுகும் என்பது அதை விதைத்தவருக்குத்தான் தெரியும். அதனால் தீர்மானம் எடுக்கும் மேசையில் அவருக்கும் ஓர் இடம் வேண்டும்." முதல் வசனத்தில் நிலைப்பாடு, அடுத்ததில் காரணம், பிறகு அதிலிருந்து வரும் முடிவு. ஒரு பந்திக்கு ஒரு கருத்துப் போதும். முந்நூறு சொல் கட்டுரைக்கு இப்படி மூன்று பந்திகள் தாங்கும். நான்காவதை நுழைத்தால் எல்லாமே மெலிந்துவிடும்.

மூன்றில் ஒன்று எதிர்த்தரப்புக்கு. இங்கேதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். "சிலர் இதை எதிர்க்கின்றனர், அது தவறு" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். எதிர்ப்பவரின் மிக வலுவான காரணத்தை, அவரே வாசித்தாலும் ஒத்துக்கொள்ளும்படி எழுதிய பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். இந்த ஒன்றைப் பழக்கினாலே கட்டுரை பாதி நிமிர்ந்துவிடும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். மேலே நான்கு வரி இடம் விட்டுத் தொடங்கினால் போதும். "இன்றைய நவீன உலகிலே" என்று தொடங்கும் வரி எந்தத் தலைப்புக்கும் பொருந்துவதால் எதற்கும் பொருந்தாது. குறளும் அப்படித்தான். தண்ணீர் என்றால் ஒரே குறள் எல்லாக் கொப்பியிலும் முதல் வரியில் வந்து நிற்கிறது, வாதத்தில் அதற்கு வேலை எதுவுமில்லை. நடுவில் ஒரு காரணத்தைத் தாங்கி நிற்கும்போது மட்டும் குறளுக்குப் புள்ளி கொடுங்கள்.

நாற்பது நிமிடம் இருந்தால் எட்டு நிமிடம் பேனாவைத் தொடாமல் யோசிக்கலாம்: நிலைப்பாடு ஒரு வசனம், காரணம் இரண்டு, எதிர்ப்பு ஒன்று. இருபத்தைந்து நிமிடம் எழுத, மிச்சம் வாசித்துத் திருத்த. திருத்தும்போது ஒவ்வொரு பந்தியின் முதல் வசனத்தையும் மட்டும் வரிசையாக வாசிக்கட்டும். வாதம் விளங்கினால் எலும்புக்கூடு சரி. அடுத்து "ஆகவே", "எனவே" வரும் இடங்கள். முன் வசனத்திலிருந்து அது உண்மையிலேயே பிறக்கிறதா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் பிறக்காது. "காணப்படுகின்றது" வந்த இடமெல்லாம் "இருக்கிறது" என்று போட்டாலே வசனம் மூச்சு விடும்.

நாற்பது கொப்பியை எப்படித் திருத்துவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தவணைக்கு எட்டுக் கட்டுரை எழுதவைப்பதை விட மூன்றை இரண்டு தரம் எழுதவைப்பது நல்லது. முதல் வரைவில் எழுத்துப்பிழையைத் தொடவே வேண்டாம். பந்திகளின் முதல் வசனங்களைப் பார்த்து, ஓரத்தில் ஒரேயொரு கேள்வி எழுதுங்கள்: "இது ஏன்?" அல்லது "மீன் பிடிப்பவர் இதற்கு என்ன சொல்வார்?" கொப்பிக்கு மூன்று நிமிடம் என்றாலும் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். சிவப்புப் பேனா இரண்டாவது வரைவுக்கு. முதல் நாளிலேயே கொப்பி முழுக்கச் சிவந்தால், பிள்ளை பிழை வராத சின்னச் சின்ன வசனங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். யோசனையும் அதோடு நின்றுவிடும்.

நல்ல முன்மாதிரிக்குத் தூரம் போகத் தேவையில்லை. காரைதீவில் பிறந்து 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலானந்தர், அறிவியல், இசை, இலக்கியம் என்று பல துறைகளில் கட்டுரை எழுதியவர். அவருடைய ஒன்றைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, நிலைப்பாடு எந்த வரியில் வருகிறது, காரணம் எங்கே என்று பென்சிலால் கோடு போடவைக்கலாம். பிறந்தநாள் பேச்சுக்கு மட்டும் அவரை ஒதுக்கி வைப்பது நமக்குத்தான் நட்டம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. வரும் தவணை வினாத்தாளில் கட்டுரைத் தலைப்புகளில் ஒன்றாவது கேள்வியாக இருக்கட்டும். புள்ளித் திட்டத்தில் நிலைப்பாட்டுக்கும் எதிர்த்தரப்புக்கும் தனிப் புள்ளி ஒதுக்குங்கள். அது இல்லாமல் வகுப்பறையில் எதுவும் மாறாது. அடுத்த ஆசிரியர் செயலமர்வில் ஒரே பிள்ளையின் இரண்டு வரைவுகளைப் பெயர் மறைத்து எல்லோரும் சேர்ந்து திருத்திப் பாருங்கள். எந்த மாணவர் கொப்பி வேண்டுமென்றாலும், பெற்றோரின் சம்மதத்தோடு நாங்கள் தேடித் தருகிறோம்.

இப்படிக்கு,
தமிழ் கற்பிப்போரும் பாடசாலைச் சஞ்சிகைகளைத் தொகுப்போரும்
மட்டக்களப்பு