செயலாளர் ஆண்டறிக்கை: வால்வு வழியே போகும் கரண்ட்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிருவாகக் கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன. மாரியில் ஒன்று விடுபட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் இயந்திரத்தைப் பற்றியே பேசப்போகிறேன். இந்த வருடம் சங்கத்தில் நடந்த வாய்த்தர்க்கம் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

கரண்ட் பில் ஏறியதும் சோலர் தகடு கூட்டுவோம் என்றார்கள் பலர். சரி, கூட்டலாம். அதற்கு முதல் ஒரு கணக்கு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. சுமார் 27 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு அழுத்தத்தைத் தாண்டினால்தான், உப்பைத் தடுத்துத் தண்ணீரை விடும் மென்சவ்வைக் கடந்து நன்னீர் வரத் தொடங்கும். நாங்கள் 55 பாரில் ஓட்டுகிறோம். 1,000 லீற்றர் கடல்நீரை அந்த அழுத்தத்துக்கு ஏற்றவே ஒன்றரை யூனிட் கரண்ட் வேண்டும். எங்கள் இயந்திரமோ 100 லீற்றர் உறிஞ்சி 10 லீற்றர்தான் நன்னீர் தருகிறது. ஆக 1,000 லீற்றர் குடிநீருக்கு 15 யூனிட். பம்பியின் நட்டம் புறம்பு. மிச்ச 90 லீற்றரும் வாங்கிய அழுத்தத்தோடேயே வந்து, வால்வில் சீறிவிட்டுக் கடலுக்குப் போகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு "நல்லா வேலை செய்யுது" என்று சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

பெரிய நிலையங்களில் அந்த அழுத்தத்தை உள்ளே வரும் கடல்நீருக்கே கைமாற்றிவிடுகிறார்கள். அதனால் 1,000 லீற்றர் 3, 4 யூனிட்டில் முடிகிறது. பாய்ப்படகுகளில் பூட்டும் சின்ன இயந்திரங்களுக்கும் அப்படியான பம்பிகள் உண்டு. விலைதான் இடிக்கிறது.

காசில்லாமல் செய்யக்கூடியதைச் செய்தோம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறந்ததும் வாவித் தண்ணீர் கலங்கலாகக் கடலில் இறங்க, வடிகட்டியும் மென்சவ்வும் அடைத்துக்கொண்டன. அப்புறம் உறிஞ்சு குழாயைக் கரையில் தோண்டிய கிணற்றுக்கு மாற்றினோம். இப்போது மணலே வடித்துத் தருகிறது. கிணறு வெட்ட வந்த பொடியன்களுக்கு நன்றி. தேநீர்ச் செலவு கணக்கில் இருக்கிறது. இரவில் ஓட்டுவதையும் நிறுத்திவிட்டோம். வெயிலில் ஓட்டித் தாங்கியை நிரப்பி வைத்தால் பற்றரி எதற்கு? கண்ணகி அம்மன் கோவில் வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு மட்டும் விடிய விடிய ஓடியது. அதற்கு யாரும் குறை சொல்லவில்லை.

அழுத்தம் மீட்கும் பம்பிக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டோம், ஒன்று வந்திருக்கிறது. சோலருக்கு ஒதுக்கிய பணத்தை இதற்கு மாற்றப் பொதுச்சபையின் சம்மதம் வேண்டும். எதிர்த்துக் கை உயர்த்த நினைப்பவர்கள், வாக்கெடுப்புக்கு முதல் வால்வுப் பக்கம் ஒருதரம் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

செயலாளர்,
மட்டக்களப்பு