எவோராவுக்கு நீ ஒருமுறை போகவேண்டும்

அன்புள்ள கண்ணுக்கு,

நானும் அப்பாவும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். லிஸ்பனில் உன்னோடு இருந்தபோது, நாங்கள் பார்த்துவிட்டு வந்த போர்ச்சுகல் ஊர் எவோராவைப் பற்றி நிதானமாகப் பேச முடியவில்லை. வேலை முடிந்து வரும்போதே நீ பாதித் தூக்கத்தில் இருந்தாய். லீவு கிடைக்காமல் எங்கள் இரண்டு பேரை மட்டும் ரயிலேற்றி விட்டாயே, அந்த ஊருக்கு நீயும் போகவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான்.

முதலில் சாப்பாட்டைச் சொல்கிறேன். அசோர்டா என்று ஒன்று தந்தார்கள். பூண்டு, கைநிறையக் கொத்தமல்லித்தழை, கல்லுப்பு மூன்றையும் இடிகல்லில் நைய இடித்து, கிண்ணத்தின் அடியில் போட்டு, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். முட்டையை உடைத்து வேகவைத்த அதே தண்ணீர்தான். ஊற்றினதும் எழுந்த வாசம் நம் வீட்டு ரசத்துக்குத் தாளித்த மாதிரி இருந்தது. அப்புறம் இரண்டு மூன்று நாள் ஆன ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மேலே முட்டையை வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். புது ரொட்டி போட்டால் கூழாகிவிடுமாம். காய்ந்த ரொட்டிதான் வேண்டும்.

எவோரா இருக்கிற அலென்டெஜோ சீமை கோதுமை விளைந்த பூமி. நிலமெல்லாம் பெரிய பண்ணைக்காரர்களுடையது. கூலிக்குப் போனவர்களுக்கு ரொட்டியும் பூண்டும் வரப்போரத் தழையும்தான் மிஞ்சியது. அந்த ஏழைச் சாப்பாட்டை இன்றைக்கும் தலைகுனியாமல் விருந்தாளிக்கு வைக்கிறார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. உன் சமையலறையில் பாதி ரொட்டி காய்ந்து கிடந்தது. இனிமேல் கொட்டாதே. உடம்புக்கு முடியாத நாளில்கூட கால்மணி நேரத்தில் இதைச் செய்து சாப்பிட்டுவிடலாம்.

அப்பா பன்றிக்கறியும் மட்டியும் சேர்த்துச் செய்த கறியைக் கேட்டு வாங்கினார். சிவப்புக் குடைமிளகாய் விழுதும் ஒயினும் பிரட்டி ஊறவைத்த கறி, பக்கத்தில் பொரித்த உருளைக்கிழங்கு. தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. எனக்குக் கடைசியில் வந்த செரிகாயா என்ற இனிப்புதான் பிடித்தது. முட்டையும் பாலும் சேர்த்துச் சுட்டு, மேலே பட்டைத்தூள் தூவி, எல்வாஸ் ஊர் பிளம் பழத்தைப் பாகில் போட்டுப் பக்கத்தில் வைக்கிறார்கள். அந்த நாட்டு இனிப்பு பலவும் கன்னிமாடங்களில் பிறந்தவை. துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துவிட்டு, மிஞ்சிய மஞ்சள்கருவை இனிப்பாக்கினார்கள் என்று சொல்வார்கள்.

அந்தக் காலத்து மனிதர்கள் வட்டமாக நட்டு வைத்த கற்களைப் பார்க்க டாக்சியில் போனோம். எவோராவிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். குவாதலூப் என்ற சின்ன ஊர் தாண்டினால் மண் ரோடு. இரண்டு பக்கமும் தக்கை மரங்கள், பட்டை உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் எழுதியிருந்தது. உரித்த வருஷத்தின் கடைசி இலக்கமாம். ஒருமுறை உரித்தால் 9 வருஷம் மரத்தைத் தொடக்கூடாது. 4 என்று இருந்தால் 2024-இல் உரித்தது, அடுத்தது 2033-இல்தான்.

அந்தத் தோப்பு திறக்கிற இடத்தில், கிழக்கே சரியும் மேட்டில், அல்மெண்ட்ரெஸ் கல்வட்டம். 90-க்கும் மேலே கற்கள். ஏறக்குறைய 7000 வருஷத்துக்கு முன்னால் நடத் தொடங்கி, பல தலைமுறை சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பேர்பெற்ற ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தைவிட மூத்தது. ஆனாலும் 1960-களில்தான் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. விழுந்து கிடந்தவற்றைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். கொடுமணல் காட்டில் நடுகல்லையும் கல்வட்டத்தையும் பார்த்து வளர்ந்தவளுக்கு அப்படித்தான் போகத் தோன்றும். ஒரு கல்லில் ஆட்டுக்காரன் கோல் மாதிரி வளைந்த கீறல்கள். வெயில் சாய்ந்தால்தான் தெரிகிறது. அதனால் சாயங்காலமாகப் போ.

சாவோ பிரிசோஸ் என்ற ஊரை மட்டும் விட்டுவிடாதே. சாலையோரத்தில் சுண்ணாம்பு அடித்து, கீழே நீலப்பட்டை போட்ட ஒரு குட்டி மாதா கோயில். முகப்பைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்தால், சுவரே பெருங்கற்காலத்துக் கல்லறையின் பாறைகள்! 17-ஆம் நூற்றாண்டில் அதை இடிக்காமல் அப்படியே கோயிலாக்கிவிட்டார்கள். கதவு பூட்டியிருந்தது. சுண்ணாம்புக்கு அடியில் கல்லின் மேடு பள்ளத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சாமி பெயர் மாறியும் மண் புனிதமாகவே இருந்திருக்கிறது. கும்பிட்டுவிட்டு வந்தேன், எனக்கு அது வேற்றுக் கோயிலாகத் தெரியவில்லை.

எவோரா ஊருக்குள்ளே 1-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கோயில் இருக்கிறது. 14 தூண்கள் இன்னும் நிற்கின்றன. இடையில் சுவர் எழுப்பி 1836 வரைக்கும் இறைச்சிக் கூடமாக வைத்திருந்தார்களாம். ஏதோ ஒரு வேலைக்கு ஆனதால்தான் பிழைத்தது என்று அப்பா சொன்னார், எனக்கும் சரியென்றே பட்டது. எலும்புக் கோயிலுக்கும் போனோம். வாசலில், "இங்கே இருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுவரெல்லாம் மண்டை ஓடு. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. உனக்கு மனசிருந்தால் பார்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏப்ரலில் போனால் புல்லும் பூவுமாக இருக்கும். கல்வட்டத்துக்குப் பஸ் கிடையாது, பக்கத்தில் கடையும் இல்லை, தண்ணீர் எடுத்துக்கொள். தனியாகப் போகாதே, தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு போ. மதியம் உட்கார்ந்து சாப்பிடு, ரயிலுக்கு நேரமாச்சு என்று பாதியில் எழுந்துவிடாதே. தேதி முடிவானதும் அப்பாவிடம் சொல். எங்களைக் கூட்டிப்போன டாக்சிக்காரரின் எண் அவரிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா