தோட்டத்தில் கிடைத்த வெள்ளி நாணயம்: சனிக்கிழமை பதிவு

அனைவருக்கும் வணக்கம்.

நம் அலாட்மென்ட் தோட்டத்தில் (கவுன்சில் என்னும் உள்ளாட்சி மன்றம் வாடகைக்குத் தரும் சிறு நிலத்தில்) உருளைக்கிழங்கு தோண்டியபோது ஒரு வெள்ளி நாணயம் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் காலத்து ஆறு பென்ஸ் என்றே நினைக்கிறேன்: அரசியின் தலைக்குப் பின்னால் ரோஜா, மறுபக்கம் கேடயத்துக்கு மேல் 1573. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதித்தது என்பதால் விளிம்பு சீராக இல்லை. அருமையான பொருள்!

வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்குக் கருவிக் கொட்டகையில் எடை, விட்டம் அளந்து, இருபுறமும் அளவுகோலுடன் படமெடுப்போம். பிறகு மாவட்டத் தொல்பொருள் பதிவு அலுவலருக்கு அனுப்புவோம்.

1. நாணயம் எதையும் கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். பாலிஷ் போட்டால் எழுத்து அழிந்துவிடும்.
2. கிடைத்த இடத்தில் குச்சி நட்டு, கைப்பேசியில் இடக்குறிப்பைச் சேமியுங்கள். இடம் தெரியாத நாணயம் பாதிக் கதையை இழந்துவிடுகிறது.
3. அதே இடத்தில் இன்னொன்று கிடைத்தால் உடனே சொல்லுங்கள். 300 ஆண்டுகளைக் கடந்த வெள்ளி நாணயங்கள் இரண்டு சேர்ந்தாலே இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது புதையல். 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.
4. நில உரிமையாளரான கவுன்சிலின் அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் வேண்டாம்.

துல்லியமான சிறு தராசு வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பதில் அனுப்புங்கள்.