18 பள்ளிகளின் செலவுக் கணக்கை எழுத நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த 18 அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் சேர்ந்து ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறோம். தேவை ரூ.1,18,000. இதில் சுவருக்குச் சுண்ணாம்புகூட அடிக்கப் போவதில்லை. ஒவ்வொரு பள்ளியும் ஒழுங்காக நடக்க ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று அளந்து, எழுதி, அரசிடம் கேட்கப் போகிறோம்.

ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் வரும் பள்ளி மானியம் தலைக்கணக்குப்படி வருகிறது. 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000. சின்னப் பள்ளிக்கு மாதம் 833 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, குழாய், பல்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கென்றே ஒதுக்கியாக வேண்டும். 31 பிள்ளைகளில் ஒன்று வேறு ஊருக்குப் போய்விட்டால் மானியத்தில் 15,000 குறையும். ஒழுகுகிற கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

வரும் பணமும் கைக்கு எட்டுவதில்லை. 2021 முதல் பள்ளிக் கணக்கில் பணம் இருப்பதில்லை. இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று வரம்பு மட்டும் தருகிறார்கள். ஆண்டு முடிகிற நேரத்தில் வரம்பு வந்தால், மார்ச் 31க்குள் தீர்மானம், பில், இருவர் ஒப்புதல் எல்லாம் முடிய வேண்டும். தலைமை ஆசிரியர் மாறுதலாகி, புதியவர் பெயர் வங்கியில் ஏறாமல் கிடந்தால் அந்த ஆண்டுப் பணம் போயிற்று. 2024-25இல் ஒன்றிய அரசு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய சுமார் ரூ.2,152 கோடியை நிறுத்தி வைத்தபோது, அந்தத் தொகையை நம்பியிருந்த பள்ளிகள் எவ்வளவு பலவீனமான நிலையில் நிற்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சட்டம் வேறு வழி சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 22இன்படி மேலாண்மைக் குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். அரசு தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கப் போகிறோம்.

"கழிவறை சரியில்லை" என்று எழுதினால் கோப்பு நகராது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் தண்ணீர் என்பது நெறிமுறை. 60 பிள்ளைகளுக்கு 2,700 லிட்டர். இருப்பது 1,000 லிட்டர் தொட்டி. மோட்டாரின் குதிரைத்திறன், குழாயின் நீளம், பொதுப்பணித்துறை விலைப்பட்டியல்படி தொகை, இவ்வளவும் இருந்தால்தான் அது மதிப்பீடு. முந்தைய ஆண்டுகளில் வந்தது எவ்வளவு, திரும்பிப் போனது எவ்வளவு என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். இரண்டையும் சேர்த்துக் குழுவில் தீர்மானம் போட்டு, கிராம சபையில் வைத்து, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டத் திட்ட அலுவலகத்துக்கும் ஒப்புகைச் சீட்டோடு அனுப்புவோம். ஒப்புகை வாங்காத மனு காணாமல் போகும்.

செலவு விவரம்: பொறியாளர் நேரில் வந்து அளக்கப் பள்ளிக்கு 2,500 வீதம் 45,000. பகுதிநேரக் கணக்காளருக்கு மாதம் 6,000, ஆறு மாதம், 36,000. பள்ளிக்கு மூன்று பேர் வீதம் 54 உறுப்பினர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, சாப்பாடும் பேருந்துக் கட்டணமும் சேர்த்து 27,000. இந்தப் பயிற்சியைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பெரும்பாலும் அம்மாக்களே உறுப்பினர்கள், அடுத்த ஆண்டுத் திட்டத்தை அவர்களே எழுத வேண்டும். தகவல் உரிமை மனு பத்து ரூபாய் வீதம் 54 மனுக்களுக்கு 540. நகல், பதிவுத் தபால் 9,460.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்க மாட்டோம். வங்கி வழியே அனுப்புங்கள். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி எங்களிடம் இல்லை. வெளிநாட்டில் வாழ்வோர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் தங்கள் சேமிப்பிலிருந்து தரலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்க எங்களுக்கு அனுமதியில்லை, மன்னிக்கவும். பணம் தர முடியாத பொறியாளர்களும் கணக்காளர்களும் இரண்டு சனிக்கிழமை தந்தால் போதும், அந்தத் தொகையைச் செலவிலிருந்து கழித்துவிடுவோம்.

ரசீது அன்றே தருவோம். வரவு செலவு மாதந்தோறும் 18 பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
18 பள்ளி மேலாண்மைக் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்கள்