தினாம்புங் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள தினாம்புங் ஊராருக்கும், என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த மகாசார் நண்பருக்கும்,

மண்டார் மக்களின் இசையைக் கேட்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா "யார் மாண்டார்?" என்று பதறிவிட்டார். இந்தோனேசியாவில், மேற்கு சுலவேசிக் கரையில் சாண்டெக் படகோட்டும் மக்கள் அவர்கள் என்று விளக்கிய பிறகுதான் பெட்டி கட்ட விட்டார்.

முதல் நன்றி நண்பருக்கு. இரவெல்லாம் பேருந்தில் கூடவே வந்தீர்கள். என் ஒலிப்பதிவுக் கருவி மழையில் நனைந்து ஊமையானபோது உங்கள் கைபேசியைக் கொடுத்துவிட்டு, அன்று முழுக்க வீட்டுக்குக்கூடப் பேசாமல் இருந்தீர்கள்.

அடுத்து, மகள் குர்ஆனை ஓதி முடித்ததைக் கொண்டாடிய அந்த வீட்டாருக்கு. அழைக்காமலே வந்த என்னை வாசலிலேயே சாப்பிட உட்கார வைத்தீர்கள். சையாங் பத்துது என்ற இந்தக் குதிரையாட்ட ஊர்வலம் பற்றிப் படித்திருந்தேன். ஆனால் அலங்கரித்த குதிரை ராவானா மேளத்தின் அடிக்கு ஏற்பத் தலையாட்டி, முன்காலைத் தூக்கி ஆடுவதை நேரில் பார்ப்பது வேறு. அதன்மேல் முன்னால் மண்டார் உடையில் ஒரு பெண், பின்னால் உங்கள் மகள். நான் இசை ஆசிரியை. படிப்பில் முந்துகிற பிள்ளைக்குக் கோப்பையும் சான்றிதழும் கொடுத்தே பழகியவள். படித்து முடித்த ஒரு சிறுமிக்காகத் தெருவே மேளம் கொட்டுவதை அன்றுதான் பார்த்தேன்.

ஊர்வலத்தை நிறுத்தி நிறுத்திக் கலிந்தாதா என்ற மண்டார் கவிதை சொன்ன பெரியவர்களுக்கும் நன்றி. நான்கு அடி, 8, 7, 5, 7 என்று அசைக் கணக்கு. நம் நேர், நிரை அல்ல, உயிரொலியை எண்ணும் கணக்கு. ஒருவர் குதிரைமேல் இருந்த பெண்ணின் அழகைப் பாட, அடுத்தவர் சிறுமிக்குப் புத்தி சொல்ல, கேலியும் அறிவுரையும் ஒரே அச்சில் வந்து விழுந்தன. கூட்டம் ஆரவாரித்தது. எனக்குப் பொருள் சொல்லிக்கொண்டே வந்த கல்லூரித் தம்பி சில இடங்களில் வெட்கப்பட்டு விட்டுவிட்டான். சரி, அதையும் மன்னித்தேன்!

தேங்காய்ச் சிரட்டைமேல் மூங்கில் பட்டைகளை அடுக்கிச் சாலோங் என்ற தட்டுக் கருவியைச் செய்து காட்டியவரையும், இரண்டே தந்தியுள்ள காச்சாப்பிங்கைத் தயங்காமல் என் மடியில் வைத்தவரையும் மறக்கவில்லை.

அப்புறம், ராவானா வாசிக்கும் பாட்டிமார். மழை ஈரத்தில் தோல் தொய்ந்ததும் அடுப்பருகே பிடித்துக் காய்ச்சினீர்கள். பறைக்கு நெருப்புக் காட்டும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்த வாசனை பழக்கமானது. "எப்படிக் கற்றுக்கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். மூத்தவர் பதிலே சொல்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்துத் தோலில் தட்டவைத்தார். பக்கத்தில் பேத்தி அதே அடியை முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் தப்பாகத் தட்டும்போதெல்லாம் சிரித்தாள். அவளுக்குத் தனி நன்றி.

பதிவுகளின் பிரதியை நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொண்டுவருவார். அதில் கடைசிப் பதிவு நான் வாசித்தது. பேத்திக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் திருச்சி விருந்தாளி